15 கற்கள், ஆனால் தெரிவது 14 மட்டும்: ஜப்பானின் 'வறண்ட தோட்டம்' ஏன் இவ்வளவு பேசப்படுகிறது?

பூ இல்லை. பழ மரம் இல்லை. குளம், ஓடை, நீரூற்று எதுவும் இல்லை. உள்ளே இறங்கி நடக்கவும் அனுமதி இல்லை. வெள்ளைச் சரளை பரப்பிய ஒரு செவ்வகம், அதில் அங்கங்கே சில கற்கள், கற்களின் அடியில் கொஞ்சம் பாசி. அவ்வளவுதான்.

இதையும் தோட்டம் என்றுதான் சொல்கிறார்கள். ஜப்பானின் கியோட்டோ நகரில் உள்ள ரியோவான்ஜி கோயிலுக்கு உலகம் முழுவதிலிருந்தும் மக்கள் வருகிறார்கள். மர வராந்தாவில் உட்கார்ந்து இந்தக் கற்களைப் பார்த்துவிட்டு, பெரும்பாலும் பேசாமல் எழுந்து போகிறார்கள். 1994ஆம் ஆண்டு யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த கியோட்டோவின் 17 பழமையான இடங்களில் இதுவும் ஒன்று.

'வெறும் கல்லும் மணலும்தானே, இதில் பார்க்க என்ன இருக்கு?' என்று உங்களுக்குத் தோன்றினால் அது நியாயமான கேள்விதான். அதற்கான பதிலில் கொஞ்சம் கணக்கு இருக்கிறது, கொஞ்சம் போர் வரலாறு இருக்கிறது. தீண்டாமையும் இருக்கிறது. ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

'கரேசன்சுயி' என்றால் என்ன?

இந்த வகைத் தோட்டங்களுக்கு ஜப்பானிய மொழியில் 'கரேசன்சுயி' என்று பெயர். 'கரே' என்றால் வறண்ட அல்லது வாடிய. 'சன்' என்றால் மலை, 'சுயி' என்றால் நீர். சேர்த்துப் படித்தால் 'வறண்ட மலையும் நீரும்'. தண்ணீரே இல்லாமல் தண்ணீரைக் காட்டுவதுதான் இதன் அடிப்படை.

நிமிர்ந்து நிற்கும் கல் மலை ஆகலாம், அருவி ஆகலாம். படுத்திருக்கும் கல் தீவாகவோ படகாகவோ மாறலாம். சரளையில் மரச் சீப்பு போன்ற ஒரு கருவியால் கோடு இழுத்தால் அது ஆற்றின் ஓட்டம். கல்லைச் சுற்றி வட்டம் வட்டமாக இழுத்தால் கரையில் மோதும் அலை.

இந்தச் சொல் புதியது அல்ல. 11ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்ட 'சகுதெய்கி' என்ற நூலிலேயே இருக்கிறது. உலகில் கிடைத்துள்ள மிகப் பழமையான தோட்டக்கலை நூல்களில் அதுவும் ஒன்று. அங்கே இந்தச் சொல்லுக்குக் குளமோ ஓடையோ இல்லாத இடத்தில் கல் வைக்கும் முறை என்றுதான் பொருள். தோட்டம் முழுவதையும் தண்ணீர் இல்லாமல் அமைக்கும் வழக்கம் பின்னால் வந்தது.

கல்லை எப்படி நடத்த வேண்டும் என்றும் அந்த நூல் கற்றுத் தருகிறது. முதல் கல்லை வைத்த பிறகு, அந்தக் கல் என்ன கேட்கிறதோ அதற்கேற்ப அடுத்ததை வைக்க வேண்டும் என்பது அதன் பார்வை. இயற்கையில் நின்றிருந்த கல்லைப் படுக்க வைப்பதும், படுத்திருந்ததை நிமிர்த்தி வைப்பதும் ஆகாது என்கிறது. மீறினால் கேடு வரும் என்று எச்சரிக்கவும் செய்கிறது.

ரியோவான்ஜி தோட்டம்: எண்களில்

நீளம் சுமார் 25 மீட்டர், அகலம் சுமார் 10 மீட்டர். பரப்பளவு ஏறக்குறைய 248 சதுர மீட்டர். நம் கணக்கில் சொன்னால் சுமார் 2,670 சதுர அடி, அதாவது சென்னையில் ஒரு கிரவுண்டைவிடக் கொஞ்சம் அதிகம். உலகமே பேசும் ஒரு தோட்டம் ஒரு வீட்டு மனையின் அளவுதான்!

மொத்தக் கற்கள் 15. அவை 5 குழுக்களாக இருக்கின்றன. கிழக்கிலிருந்து மேற்காக எண்ணினால் 5, 2, 3, 2, 3. குழுக்களுக்கு இடையே சமமான இடைவெளி கிடையாது. எந்தக் கல்லும் செவ்வகத்தின் நடுவில் இல்லை. பரப்பில் பெரும்பகுதி சரளை மட்டும்தான்.

பின்னால் ஒரு தாழ்வான மண்சுவர் இருக்கிறது. எண்ணெயில் கொதிக்கவைத்த களிமண்ணால் கட்டப்பட்டது என்பார்கள். நூற்றாண்டுகளாக அந்த எண்ணெய் கசிந்து வெளியே வந்ததில் சுவரில் பழுப்பும் ஆரஞ்சும் கலந்த கறைகள் படிந்திருக்கின்றன. யாரும் வரையாத ஓவியம் மாதிரி.

15 கற்கள் இருந்தும் 14 மட்டுமே தெரிவது ஏன்?

வராந்தாவில் எங்கே உட்கார்ந்து எண்ணினாலும் 14தான் வரும். இடம் மாறினால் மறைந்திருந்த கல் வெளியே வரும், ஆனால் அதற்குள் இன்னொன்று வேறு ஒரு கல்லின் பின்னால் போய்விடும்.

இதில் மாயம் எதுவும் இல்லை, எளிமையான வடிவியல்தான். உயரமான கற்களுக்குப் பின்னால் சிறிய கற்கள் இருக்கின்றன, பார்ப்பவரின் கண் அதிக உயரத்தில் இல்லை. மேலிருந்து எடுத்த படத்தைப் பார்த்தால் 15ம் சுலபமாகத் தெரிந்துவிடும்.

இதற்கு ஒரு விளக்கமும் சொல்லப்படுகிறது. கிழக்காசிய மரபில் 15 முழுமையைக் குறிக்கும் எண். வளர்பிறையில் 15ஆம் நாள்தான் முழுநிலா. திதி எண்ணிப் பழகிய நமக்கு இது சட்டென்று புரியும். முழுமை கண்முன்னே இருக்கும், ஆனால் அதை ஒரே இடத்தில் உட்கார்ந்து பார்த்துவிட முடியாது. இது பிற்காலத்தவர் தந்த விளக்கமாகவும் இருக்கலாம். அமைத்தவர்கள் எந்தக் குறிப்பையும் விட்டுவைக்கவில்லை.

பிரிட்டன் ஓவியர் டேவிட் ஹாக்னி 1983இல் இந்த இடத்துக்கு வந்தபோது இதே பிரச்சினையைக் கேமராவால் கையாண்டார். தோட்டத்தின் ஓரமாக நடந்துகொண்டே பல புகைப்படங்கள் எடுத்து, அவற்றை ஒட்டி ஒரே படமாக்கினார். ஒரே இடத்தில் நின்று எடுத்திருந்தால் தூரத்துப் பக்கம் குறுகித் தெரிந்திருக்கும். அவர் படத்தில் செவ்வகம் செவ்வகமாகவே இருக்கிறது.

கற்கள் எதைக் குறிக்கின்றன?

உறுதியான பதில் இல்லை. கடலில் உள்ள தீவுகள், மேகத்துக்கு மேலே தெரியும் மலை உச்சிகள் என்று பலரும் பல விதமாகப் படிக்கிறார்கள். இவற்றில் பழையது 'குட்டிகளோடு ஆற்றைக் கடக்கும் தாய்ப்புலி' கதை.

ஒரு தாய்ப்புலிக்கு 3 குட்டிகள். அதில் ஒன்று முரட்டுக் குட்டி, தாய் பக்கத்தில் இல்லாவிட்டால் மற்ற குட்டிகளைத் தின்றுவிடும். ஒரு தடவைக்கு ஒரு குட்டியைத்தான் தூக்கிச் செல்ல முடியும். எப்படி ஆற்றைக் கடப்பது?

எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதா? நாம் சின்ன வயதில் கேட்ட புலி, ஆடு, புல்லுக்கட்டு விடுகதைதான். விடையும் அதேபோலத்தான். முரட்டுக் குட்டியை முதலில் அக்கரையில் விட வேண்டும். அடுத்து இரண்டாவது குட்டியைக் கொண்டுபோய் விட்டுவிட்டு, முரட்டுக் குட்டியைத் திரும்ப அழைத்து வர வேண்டும். பிறகு மூன்றாவது, கடைசியில் மறுபடியும் முரட்டுக் குட்டி. மொத்தம் 7 முறை ஆற்றைக் கடக்க வேண்டும்.

இங்கே ஒரு சுவாரசியமான விஷயம் இருக்கிறது. 1680களின் தொடக்கத்தில் எழுதப்பட்ட குறிப்புகள் இந்தப் புலிக் கதையைச் சொல்கின்றன. ஆனால் தோட்டத்தில் இருப்பது 9 பெரிய கற்கள் என்கின்றன. இன்று 15 இருக்கின்றன. எண்ணியவர் சின்னக் கற்களை விட்டிருக்கலாம், அல்லது தோட்டமே மாறியிருக்கலாம். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் கோயிலில் பெரும் தீவிபத்து ஏற்பட்டது. அதன் பிறகு தோட்டம் மாற்றி அமைக்கப்பட்டது என்று சில வரலாற்றாசிரியர்கள் வாதிடுகிறார்கள். '500 ஆண்டுகளாக ஒரு கல்கூட நகரவில்லை' என்று யாராவது சொன்னால் அப்படியே நம்பிவிட வேண்டாம்.

தண்ணீரை ஏன் விலக்கினார்கள்?

அதற்கு முன்பு ஜப்பானியப் பிரபுக்களின் தோட்டங்களில் பெரிய குளங்கள் இருந்தன. படகு விடுவார்கள், கரையில் விருந்து நடக்கும். அதற்கு நிலமும் நீரும் பணமும் தாராளமாக வேண்டும்.

1467 முதல் 1477 வரை நடந்த ஓனின் போர் கியோட்டோவைச் சாம்பலாக்கியது. ரியோவான்ஜி கோயிலை 1450இல் நிறுவிய ஹொசொகாவா கட்சுமோட்டோ, அந்தப் போரில் ஒரு தரப்பின் தலைவர். அவருடைய கோயிலும் எரிந்தது, பின்னர் மீண்டும் கட்டப்பட்டது. போருக்குப் பிந்தைய நகரத்தில் பெரிய நீர்த்தோட்டங்களைக் கட்டிப் பராமரிப்பது எளிதல்ல. சின்ன இடத்தில், தண்ணீரே தேவைப்படாத தோட்டம் அந்தக் காலத்துக்குப் பொருந்தியது.

இன்னொரு காரணமும் உண்டு. கோயில் தலைமைத் துறவியின் இல்லத்துக்கு முன்னால் வெள்ளைச் சரளை பரப்பிய முற்றம் வழக்கமாக இருக்கும், சடங்குகளுக்காக அது காலியாக விடப்படும். சடங்குகள் கட்டடத்துக்குள் நகர்ந்தபோது அந்தக் காலி முற்றம் தோட்டத்துக்குக் கிடைத்தது. கூடவே சீனாவிலிருந்து வந்த கருமை ஓவியங்களின் தாக்கமும் சேர்ந்துகொண்டது. அந்த ஓவியங்களில் தாளின் பெரும்பகுதி வெறுமையாக இருக்கும், நாலு கோடுகளில் ஒரு மலை நிற்கும். சரளைப் பரப்பை அந்தத் தாள் என்று நினைத்துக்கொண்டால் விஷயம் புரிந்துவிடும்.

அதே நகரில் டைட்டோகுஜி வளாகத்தில் உள்ள டைசென்-இன் கோயில் இதற்கு நல்ல உதாரணம். 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவானது. கட்டடத்தை ஒட்டிய ஒடுக்கமான இடத்தில் ஒரு ஆற்றின் முழுப் பயணமும் இருக்கிறது. செங்குத்தான கற்கள் மலையாகவும் அருவியாகவும் நிற்கின்றன. அங்கிருந்து சரளை 'பாய்ந்து' கல்பாலத்தின் கீழே போகிறது, படகு வடிவக் கல்லைக் கடக்கிறது. கடைசியில் வெறும் சரளைப் பரப்பு, அதில் இரண்டு கூம்புகள். அதுதான் கடல்.

வெற்றிடத்துக்குள் ஒரு மரம்?

2002இல் 'நேச்சர்' அறிவியல் இதழில் ஒரு சிறிய ஆய்வுக் கட்டுரை வந்தது. கெர்ட் வான் டோண்டர், மைக்கேல் லயன்ஸ், யோஷிமிச்சி எஜிமா ஆகிய மூவர் எழுதியது. அவர்கள் கற்களை விட்டுவிட்டு, கற்களுக்கு நடுவே உள்ள காலி இடத்தைக் கணினியில் ஆராய்ந்தார்கள்.

முறை இதுதான்: அருகருகே உள்ள இரண்டு கற்குழுக்களிலிருந்து சம தூரத்தில் இருக்கும் புள்ளிகளை எல்லாம் இணைத்துக் கோடு போடுவது. அப்படிப் போட்டபோது கிளை விட்ட ஒரு மரத்தின் வடிவம் கிடைத்தது. அதன் அடிமரம், மண்டபத்திலிருந்து தோட்டத்தைப் பார்ப்பதற்கான மையப் பகுதியை நோக்கி வந்தது. கணினியில் கற்களை இஷ்டத்துக்கு இடம் மாற்றி வைத்துப் பார்த்தபோது அந்த ஒழுங்கு குலைந்துபோனது.

நம் கண்ணுக்கு அந்த மரம் தெரியாது. ஆனால் மூளை அந்த ஒழுங்கை நம்மை அறியாமலே உணர்கிறது, இந்த இடம் தரும் அமைதிக்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது அவர்களின் கருத்து. அமைத்தவர்கள் வேண்டுமென்றே மரம் வரைந்தார்கள் என்று இதற்குப் பொருள் அல்ல. கல் வைத்துப் பழகிய கைக்கு எது பொருந்தும் என்று தெரிந்திருந்தது. அவ்வளவு தூரம்தான் இதிலிருந்து சொல்ல முடியும்.

சரி, அந்தக் கை யாருடையது?

பயணக் கட்டுரைகள் பெரும்பாலும் தாண்டிப் போய்விடும் கேள்வி இது.

ரியோவான்ஜியின் கற்களில் ஒன்றின் பின்புறத்தில், பார்வையாளரின் கண்ணில் படாத பக்கத்தில், இரண்டு பெயர்கள் செதுக்கப்பட்டிருக்கின்றன. ஒன்று 'கொட்டாரோ'. மற்றொன்று தேய்ந்துபோயிருக்கிறது, பெரும்பாலும் 'செய்ஜிரோ' என்று வாசிக்கிறார்கள். குடும்பப் பெயர் இல்லை, பட்டம் இல்லை. இவர்கள் 'கவரமோனோ' பிரிவைச் சேர்ந்த தொழிலாளர்கள் என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

'கவரா' என்றால் ஆற்றங்கரை, 'மோனோ' என்றால் ஆள். வெள்ளம் வந்துபோகும், வரி விதிக்கப்படாத ஆற்றங்கரை நிலத்தில் வாழ்ந்தவர்கள். விலங்குகளை அறுப்பது, தோல் பதனிடுவது, கிணறு வெட்டுவது, மண் சுமப்பது அவர்களின் வேலை. சாவோடும் ரத்தத்தோடும் தொடர்புள்ள தொழில் என்பதால் 'தீட்டுப்பட்டவர்கள்' என்று ஒதுக்கப்பட்டார்கள். இந்தக் கதையை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

மண் வேலையும் கல் வேலையும் செய்தவர்கள் மெல்ல மெல்லத் தோட்டக்கலையில் தேர்ந்தார்கள். அவர்களில் புகழ்பெற்றவர் 15ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஜென்அமி. அன்றைய ஷோகன், அதாவது ராணுவ ஆட்சியாளர், அஷிகாகா யோஷிமாசா அவரைப் பெரிதும் மதித்தார். அவர் நோயுற்றபோது மருந்து அனுப்பினார் என்ற பதிவும் இருக்கிறது.

அவருடைய பேரன் மட்டாஷிரோவும் தோட்டக் கலைஞர். இந்தப் பிறப்பில் பிறந்ததற்காக வருந்துவதாகவும், அதனால் உயிர்க்கொலை செய்வதில்லை, பிறர் பொருளுக்கு ஆசைப்படுவதில்லை என்று உறுதி எடுத்ததாகவும் அவர் சொன்னதை ஒரு துறவி தன் நாட்குறிப்பில் பதிந்துவைத்திருக்கிறார். ஷோகனின் தோட்டத்தை அமைத்த குடும்பத்தின் மூன்றாம் தலைமுறை அவர். பிறப்பின் பாரம் அப்போதும் இறங்கவில்லை.

இதுபோன்ற ஒதுக்கப்பட்ட நிலைகளை ஜப்பான் அரசு 1871இல் சட்டப்படி ஒழித்தது. ஆனால் 'புராக்குமின்' என்று அழைக்கப்பட்ட அவர்களின் வழித்தோன்றல்கள் மீதான பாகுபாடு தொடர்ந்தது. அதை ஒழிக்க 2016இல்கூட ஒரு தனிச் சட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது.

இது உண்மையிலேயே 'ஸென் தோட்டம்' தானா?

'ஸென்' என்ற சொல்லின் வேர் இந்தியாவில் இருக்கிறது. 'தியானம்' சீனத்தில் 'சான்' ஆகி, ஜப்பானில் 'ஸென்' ஆனது. அதைச் சீனாவுக்குக் கொண்டுபோனவராக மரபு சொல்லும் போதிதர்மர் தென்னிந்தியாவிலிருந்து சென்றவர் என்ற நம்பிக்கை பரவலாக உண்டு.

ஆனால் 'ஸென் தோட்டம்' என்ற தொடருக்கு அவ்வளவு வயது இல்லை. அமெரிக்க எழுத்தாளர் லொரெய்ன் குக் 1935இல் வெளியிட்ட கியோட்டோ தோட்டங்கள் பற்றிய புத்தகத்தில்தான் அது அச்சில் முதலில் வந்தது என்கிறார்கள் தோட்ட வரலாற்று ஆய்வாளர்கள். இந்தத் தோட்டங்கள் தியானத்துக்காகவே அமைக்கப்பட்டவை என்பதற்குப் பழைய ஆதாரம் வலுவாக இல்லை என்பதும் அவர்களின் வாதம். 1799இல் வெளியான கியோட்டோ தோட்டங்கள் பற்றிய படநூல் ஒன்றில், ரியோவான்ஜி சரளை மேலே ஆட்கள் நடமாடுகிறார்கள். இன்று அங்கே கால் வைக்க முடியாது!

அதற்காக ஸென்னுக்கும் இதற்கும் தொடர்பே இல்லை என்று சொல்லிவிட முடியாது. இவை ஸென் கோயில்களில் இருக்கின்றன. சரளையைச் சீவுவதைத் துறவிகள் பயிற்சியாகவே செய்கிறார்கள். ஆனால் மேசை மேல் வைக்கும் 'மினி ஸென் தோட்டம்' பொட்டலத்தை வாங்கும்போது, அந்தப் பெயருக்கு இன்னும் 100 வயதுகூட ஆகவில்லை என்பது நினைவில் இருக்கட்டும்.

சரளைக்கும் தட்டுப்பாடா?

கியோட்டோ தோட்டங்களில் பரப்பப்படும் சரளைக்கு 'ஷிராகாவா-சுனா' என்று பெயர். நகரின் கிழக்கே ஓடும் ஷிராகாவா ஆற்றுப் பகுதியில் கிடைத்த கிரானைட் சரளை. வெள்ளை ஃபெல்ட்ஸ்பார், சாம்பல் நிறக் குவார்ட்ஸ், கறுப்பு மைக்கா மூன்றும் கலந்திருப்பதால் கண்ணைக் கூசவைக்காத வெள்ளை. முனைகள் முழுதாக மழுங்காமல் இருப்பதால், இழுத்த கோடு சரியாமல் நிற்கும்.

ஆனால் சரளை நிரந்தரம் அல்ல. மழை, காற்று, பூனை, காக்கை எல்லாம் கோட்டைக் கலைக்கும். இலைகளைப் பெருக்கும்போது கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும், உராய்ந்து தேயும், அவ்வப்போது புதிதாகக் கொட்ட வேண்டும். ஷிராகாவா ஆற்றிலிருந்து அதை அள்ளுவதற்கு இப்போது தடை இருக்கிறது. அதனால் நிஜமான ஷிராகாவா சரளை அரிய பொருளாகிவிட்டது. ஆற்று மணலின் அருமை தெரிந்த நமக்கு இதுவும் புதிய செய்தி அல்ல. தண்ணீர் தேவைப்படாத தோட்டத்துக்கும் ஒரு ஆறு தேவைப்படுகிறது.

இது பழைய கலை மட்டும்தானா?

இல்லை. மிரெய் ஷிகெமோரி (1896–1975) என்பவர் இதை 20ஆம் நூற்றாண்டுக்குக் கொண்டுவந்தார். 1934இல் வீசிய முரோட்டோ புயல் பல தோட்டங்களைச் சிதைத்தது. அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு வரைபடமே இல்லை, எது எங்கே இருந்தது என்று யாருக்கும் தெரியாது. ஷிகெமோரி நாடு முழுவதும் சுற்றி நூற்றுக்கணக்கான தோட்டங்களை அளந்தார். அந்த வேலை 26 தொகுதிகளாக வெளிவந்தது.

1939இல் கியோட்டோவின் டொஃபுகுஜி கோயிலுக்கு அவர் அமைத்த தோட்டத்தில் சதுரங்கப் பலகை போல ஒரு பகுதி இருக்கிறது: ஒரு கட்டம் கல், ஒரு கட்டம் பாசி. அந்தக் கற்கள் கோயிலில் கிடந்த பழைய நடைபாதைப் பலகைகள். இன்னொரு பக்கம், பழைய தூண்களின் 7 அடிக்கற்களை சப்தரிஷி மண்டலத்தின் வடிவில் நட்டுவைத்தார். எதையும் வீணாக்கக் கூடாது என்பது கோயில் வைத்த நிபந்தனை.

நேரில் போனால் எப்படிப் பார்ப்பது?

முடிந்தால் காலையில் சீக்கிரமே போய்விடுங்கள், கூட்டம் குறைவாக இருக்கும். போனதும் போனை எடுக்காமல் முதலில் உட்காருங்கள், நின்று பார்ப்பதற்காக இது அமைக்கப்படவில்லை. கற்களை எண்ணுங்கள், 14தான் வரும். கொஞ்சம் நகர்ந்து இன்னொரு முறை எண்ணுங்கள். பிறகு கற்களை விட்டுவிட்டு, அவற்றுக்கு இடையே உள்ள வெற்றிடத்தைப் பாருங்கள். இதற்கு ஜப்பானியர்கள் 'மா' என்று ஒரு தனிச் சொல்லே வைத்திருக்கிறார்கள்.

பார்த்து முடித்ததும் கட்டடத்தின் பின்பக்கம் போனால், காசு வடிவில் ஒரு கல் தொட்டி இருக்கும். நடுவில் சதுரக் குழி, அதில் தண்ணீர். சுற்றிலும் நான்கு எழுத்துகளின் பாதிகள் செதுக்கப்பட்டிருக்கும். சதுரக் குழியை ஒவ்வொரு எழுத்தின் மீதிப் பகுதியாகச் சேர்த்துப் படித்தால்தான் வாசகம் முழுமையாகும். அதன் கருத்து, கிட்டத்தட்ட நம்முடைய 'போதுமென்ற மனம்'.

அந்த வாசகத்தைத் தேடிப் படிக்கிறவர்கள் நிறையப் பேர். பின்பக்கம் திரும்பியிருக்கும் கல்லில் உள்ள 'கொட்டாரோ'வையும் மற்றொரு பெயரையும் வராந்தாவிலிருந்து யாராலும் படிக்க முடியாது. அவை அங்கே இருக்கின்றன என்று தெரிந்துகொண்டு பார்ப்பது மட்டும் நம் கையில் இருக்கிறது.